தலையில் விழுந்த வெட்டு

பி.காம். சேர்ந்து இரண்டு மாதம் ஆன யாரையாவது நிறுத்தி, ‘கேன்சல்டு செக்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். டக்கென்று சொல்லிவிடுவார்கள். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு, நடுவில் ‘கேன்சல்டு’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் மேட்டர். காகிதம் கிழியவில்லை. கணக்கு எண் அழியவில்லை. வங்கியின் பெயரும் கிளையின் பெயரும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதைக் கொண்டுபோய் யாரும் ஒற்றை ரூபாய் எடுக்க முடியாது. பணம் கொடு என்று வங்கிக்குச் சொன்ன கட்டளை மட்டும் செத்துப்போகிறது, காகிதம் உயிரோடு இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே வேலையை யாரோ சிலர் செய்திருக்கிறார்கள். அதற்கான சாட்சி கிடைத்த இடம் புதுக்கோட்டைச் சீமை. அவர்கள் கோடு போட்டது தங்கத்தில். பேனாவுக்குப் பதில் உளி. கோடு விழுந்த இடம் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தலை!

ஆலங்குடிப் பக்கம் கருக்காகுறிச்சி என்று ஒரு ஊர். 1898-ல், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ராஜாவாக இருந்த காலத்தில், அங்கே மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹில் என்பவர் (பின்னாளில் அந்த மியூசியத்துக்கே இயக்குநர் ஆனவர்) அந்தக் காசுகளைப் பற்றி எழுதினார். அதில் ஒரு பகுதி இன்றும் லண்டனில் அந்த மியூசியத்தில் இருக்கிறது. முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸில் தொடங்கி டைபீரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று வந்து வெஸ்பாசியனில் முடிகிற வரிசை. வெஸ்பாசியன் இறந்தது கி.பி. 79-ல். ஆக, சுமார் நூறு வருஷத்து ரோம் ஒரே குழிக்குள் கிடந்திருக்கிறது.

501 என்றதும் மொய்க் கணக்குதானே ஞாபகம் வருகிறது? வரட்டும், அந்த வட்டாரத்துக்கு அது பொருத்தமான ஞாபகம்தான். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களை கட்டும். அந்த விருந்துக்குப் பிறகு வருவோம்.

முதலில் எடையைப் பார்த்துவிடலாம். வணிகவியல் படிக்கிறவர்கள் காசைக் கையில் எடுத்தால் படத்தைப் பார்க்கும் முன் எடையைத்தான் கேட்க வேண்டும். ‘ஆரியஸ்’ என்று ரோமர்கள் அழைத்த அந்தத் தங்கக் காசு அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 7.8 கிராம். ஒரு பவுன் எட்டு கிராம். அதாவது ஒரு காசு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. தேய்மானத்தைக் கழித்தாலும் மொத்தப் புதையல் நாலு கிலோவை நெருங்கும். தரமோ இன்றைய 916 நகையைவிட உசத்தி, கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். அந்தக் காலத்து ரோமானியச் சிப்பாய்க்கு ஒரு வருஷச் சம்பளம் 225 வெள்ளிக் காசு. 25 வெள்ளிக் காசுக்கு ஒரு தங்கக் காசு. வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு ஒன்பது தங்கக் காசு. கருக்காகுறிச்சிக் குழியில் கிடந்தது ஒரு சிப்பாயின் ஐம்பத்தைந்து வருஷச் சம்பளம். அத்தனை வருஷம் எந்தச் சிப்பாயும் வேலை பார்த்திருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

பெரிய கணக்கு இன்னொன்று. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பி வைத்திருக்கிறார். (இவரும் வெஸ்பாசியன் செத்த அதே கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர்.) நூறு செஸ்டர்ஸ் ஒரு தங்கக் காசு. அப்படியென்றால் ஐந்து லட்சம் தங்கக் காசு. கருக்காகுறிச்சியில் கிடைத்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிளினி மிகைப்படுத்தியிருக்கலாம், பட்ஜெட் பற்றாக்குறையைப் பேசுகிற அரசியல்வாதி எந்தக் காலத்திலும் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார். ஆனாலும் பணம் எந்தப் பக்கம் ஓடியது என்பதில் சந்தேகம் இல்லை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் என்ற கிரேக்க ஆவணத்தில் ஒரே ஒரு கப்பலின் சரக்கு மதிப்பு சுமார் எழுபது லட்சம் செஸ்டர்ஸ் என்று கணக்கு வருகிறது. அந்தச் சரக்குக்கு ரோமானிய அரசு போட்ட வரி நாலில் ஒரு பங்கு. ஜி.எஸ்.டி.யைத் திட்டுகிறவர்கள் கவனிக்க :)

சரி, இப்போது படத்துக்கு வருவோம்.

ரோமானியக் காசு என்பது வெறும் பணம் கிடையாது. டி.வி., ரேடியோ, போஸ்டர் எதுவும் இல்லாத காலத்தில் ராஜாவின் முகம் குடிமகன் கைக்குப் போய்ச் சேர ஒரே வழி காசுதான். சிரியாவில் இருக்கும் சிப்பாயும் ஸ்பெயினில் இருக்கும் திராட்சை வியாபாரியும் ரோமை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டைபீரியஸின் மூக்கு எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தலையைச் சுற்றி எழுத்து. திருமணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வரிசையாகப் பட்டம் போடுவார்களே, அதே மாதிரி சுருக்கிச் சுருக்கி அடித்திருப்பார்கள். டைபீரியஸின் காசில் இருப்பதை விரித்துப் படித்தால் ‘டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன்’ என்று வரும். புரட்டினால் கையில் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அது டைபீரியஸின் அம்மா லிவியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். கூடவே ‘பொன்டிஃப் மாக்சிம்’. தலைமைப் பூசாரி என்று அர்த்தம். முன்பக்கம் சாமியின் மகன், பின்பக்கம் பெரிய பூசாரி. மிச்சம் என்ன இருக்கிறது?

டைபீரியஸ் இருபத்து மூன்று வருஷம் ஆண்டான். அவன் காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே டிசைன்தான். அலுப்பாக இருக்கலாம், ஆனால் வியாபாரத்தில் அலுப்புக்கு மரியாதை உண்டு. ஆஸ்திரியாவின் மரியா தெரேசா மகாராணி 1780-ல் இறந்த பிறகும் அதே முகம், அதே 1780 என்ற வருஷம் போட்ட வெள்ளிக் காசை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அரபு நாட்டு வியாபாரிகளுக்கு அந்தக் காசுதான் பழக்கம், மாற்றினால் வாங்க மாட்டார்கள் என்பதால். தென்னிந்தியப் புதையல்களில் டைபீரியஸ் காசு இவ்வளவு கிடைப்பதற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கும். அகஸ்டஸின் காசுகளில் இங்கே அதிகம் வந்தது இன்னொரு டிசைன்: கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு இளைஞர்கள். காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் பேரன்கள், தத்துப் பிள்ளைகள், அடுத்த வாரிசு என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டவர்கள். லூசியஸ் கி.பி. 2-லும் காயஸ் கி.பி. 4-லும் செத்துப்போனார்கள். காசு மட்டும் ‘அடுத்த ராஜாக்கள் இவர்கள்’ என்று சொல்லிக்கொண்டே மிளகு வாங்கக் கடல் தாண்டி வந்தது. அறிவிப்பு காலாவதியாகிவிட்டது, தங்கம் ஆகவில்லை. இங்கே இருந்த வியாபாரிக்கு அந்தப் பையன்கள் யாரென்று தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

இந்த இடத்தில்தான் உளி வருகிறது.

கருக்காகுறிச்சிக் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு இருக்கிறது. எங்கோ பட்ட கீறல் அல்ல, வேண்டுமென்றே போட்ட வெட்டு. ஒரு காசு, இரண்டு காசு என்றால் குழந்தை விளையாட்டு எனலாம். நானூற்றைம்பது காசுக்கு மேல் வெட்டுவது என்றால் அது ஒரு வேலை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சொன்னவன் ஒருவன் வேண்டும்.

ஏன் வெட்டினார்கள்? மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள்.

ஒன்று, தங்கம் சுத்தமா, உள்ளே செம்பு வைத்துப் பூசியதா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது. கேட்கச் சரியாக இருக்கும். ஆனால் தங்கத்தைச் சோதிக்க இங்கே உரைகல் இருந்தது. ஓரத்தில் லேசாக உரசினால் போதும். அதோடு, சோதிக்கிறவனுக்குத் தலையும் ஒன்றுதான், ஓரமும் ஒன்றுதான். ஏன் திரும்பத் திரும்பத் தலையையே தேடிப் போய் வெட்ட வேண்டும்? காசு நோட்டம் பார்ப்பதைத் தொழிலாகவே வைத்திருந்தவர்கள் சங்க காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர்கள் பட்டியலிலேயே அந்தத் தொழில்பெயர் இருக்கிறது. (நாணயம் சோதிக்கிறவர்கள் கவிதையும் எழுதியிருக்கிறார்கள். அக்கவுன்டன்சி படிப்பவர்கள் மனம் தளர வேண்டாம்.) கரூர் பக்கம் புகளூர் மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் பெயர் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்கள் இருந்த நாட்டில் ஒரு காசின் தரம் தெரிய அதை உளியால் பிளக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

இரண்டு, ரோமர் மேல் கோபம் என்பது. அல்லது மனித உருவத்தின் மேலேயே ஒரு வெறுப்பு என்பது. இது அதைவிடச் சொதப்பல். கோபத்துக்கு ஆள் தெரியும். ரோமிலேயே பிடிக்காத சக்கரவர்த்தி செத்ததும் அவன் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்திருக்கிறார்கள். நீரோ மேல் கோபம் என்றால் நீரோவை மட்டும் வெட்டியிருக்க வேண்டும். இங்கே நல்லவன், கெட்டவன், அகஸ்டஸ், காலிகுலா என்று வித்தியாசமே இல்லாமல் வெட்டு விழுந்திருக்கிறது. கோபக்காரன் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்க மாட்டான். உருவமே ஆகாது என்று நினைத்தவனோ காசை உருக்கி விட்டிருப்பான்.

மூன்றாவதுதான் பிரிட்டிஷ் மியூசியம் சொல்வது. இந்தக் காசு இனிமேல் காசாகச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும் என்று காட்டப் போட்ட வெட்டு. கேன்சல்டு செக்.

இதுதான் சரி. வணிகவியல் பாடத்தை வைத்தே இதற்குப் பலம் சேர்க்க முடியும். ஒரு காசுக்கு இரண்டு மதிப்பு. உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பு ஒன்று. மேலே இருக்கும் முகத்தின் மதிப்பு இன்னொன்று. முகத்தைப் பார்த்தே எடை போடாமல் வாங்கிக்கொள்ளும் சந்தையில் காசு அதன் தங்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போகும். நிறுக்கிற நேரம் மிச்சம், உரைக்கிற கூலி மிச்சம். அந்தக் ‘கொஞ்சம்’ யாருக்கு லாபம்? காசை வைத்திருக்கும் வியாபாரிக்கு. எனவே எந்த வியாபாரியும் தன்னிடம் இருக்கும் காசைத் தானாகவே வெட்டிக்கொள்ள மாட்டான். தன் செக்கைத் தானே கேன்சல் செய்துவிட்டு யாராவது பொருள் வாங்கப் போவார்களா? ஆக, வெட்டச் சொன்னது வியாபாரிக்கு மேலே இருந்த ஒரு கை. பாண்டிய அரசாக இருக்கலாம், சோழ அரசாக இருக்கலாம், அல்லது ஊரே கட்டுப்படுகிற ஒரு வணிகக் குழுவாக இருக்கலாம். ‘தங்கத்தை உள்ளே விடு, ராஜாவை வெளியிலேயே நிறுத்து’ என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. சுங்கச்சாவடி மாதிரி.

முகத்தின் அருமை தெரியாத ஆட்கள் செய்த வேலை இது என்று யாராவது நினைத்தால், கரூருக்குப் போக வேண்டும். அமராவதி ஆற்று மணலில் சேரர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஒரு ராஜாவின் தலை, மேலே தமிழ் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’. இன்னொன்றில் ‘குட்டுவன் கோதை’. தலை இருக்கும் விதத்தைப் பார்த்தாலே ரோமானியக் காசை எதிரில் வைத்துக்கொண்டு அடித்தது என்று தெரியும். பாண்டியர்களோ ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்துச் செம்புக் காசு வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் காசுகளை எல்லாம் தமிழ் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. ஆகவே, காசில் முகமும் பெயரும் போட்டால் என்ன நடக்கும் என்று தமிழ் வேந்தர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் வெட்டு. ஒரு சந்தைக்கு ஒரு ராஜா போதும்.

வேறு ஊர்களில் இதே ரோமானியக் காசுக்கு வேறு மரியாதை கிடைத்திருக்கிறது. ஓட்டை போட்டு, வளையம் வைத்து, கழுத்தில் தொங்க விட்டிருக்கிறார்கள். காசுமாலையின் பூர்வீகம் அது. அங்கேயும் காசு காசாக இல்லை. ஆனால் சக்கரவர்த்தி ஒரு பெண்ணின் கழுத்தில் அலங்காரமாக உட்கார்ந்துவிட்டார். புதுக்கோட்டைப் பக்கம் வந்த சக்கரவர்த்திகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இப்போது சொல்ல வந்த விஷயம்.

இந்தக் காசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும் ‘டிஃபேஸ்டு’ என்ற வார்த்தையைத்தான் போடுகிறார்கள். தமிழில் எழுதுபவர்கள் அதைப் பார்த்து ‘சிதைக்கப்பட்ட காசுகள்’ என்கிறார்கள். காசு சேகரிப்பவர்கள் வெட்டு விழுந்த காசை ஊனம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். மேடையில் பேசுபவர்களோ இன்னும் மோசம். ‘ரோமானியப் பேரரசின் தங்கம் தமிழன் காலடியில் கொட்டியது’ என்று முழங்கிவிட்டு, வெட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ரோமானியக் காசு ஒரு சான்று, ஒரு வரி, ஒரு மதிப்பெண். எல்லோரும் அந்தக் காசில் லத்தீனை மட்டும் படிக்கிறார்கள். ரோம் தன்னைப் பற்றித் தானே அடித்துக்கொண்ட தம்பட்டம் அது. ‘நான் சாமியின் மகன்’ என்று ஒருவன் சொன்னதை இரண்டாயிரம் வருஷம் கழித்து எழுத்துக்கூட்டிப் படித்து, மொழிபெயர்த்து, அட்டை எழுதி வைக்கிறோம். அதற்கு இந்த மண் அதே காசின் மேலேயே ஒரு பதில் எழுதியிருக்கிறது. அதைச் சிதைவு என்று ஒதுக்கிவிட்டால் எப்படி?

‘சிதைத்தல்’ என்பது முகத்துக்குச் சொந்தக்காரன் பார்வையில் வரும் வார்த்தை. தங்கத்துக்குச் சொந்தக்காரன் பார்வையில் அங்கே எதுவும் சிதையவில்லை. ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. வெட்டு என்பது பொருளை எடுக்காமல் அதிகாரத்தை மட்டும் எடுக்கும் வேலை. தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நம்பகத்தையும் குறிக்கிறது. ‘நாணயமான மனுஷன்’ என்கிறோம். வெட்டியவர்கள் செய்தது அந்த இரண்டு அர்த்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டதுதான்: உன் தங்கத்தை நம்புகிறோம், உன் ராஜாவின் வாக்கை நம்ப வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ஒரு கோட்டை எழுத்து என்று சொல்வது அதிகப்படியான கற்பனை இல்லையா? எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்களே? தெரியும். அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், இந்தக் காசுகள் அச்சாவதற்கு முன்பே, தமிழ் பிராமியில் கல்வெட்டு இருக்கிறது. பொற்பனைக்கோட்டையில் 2023-ல் தொல்லியல் துறை தோண்டியபோது தங்க மூக்குத்தி வந்தது. கோட்டை கட்டி, நகை செய்து வாழ்ந்த ஊர் அது. எழுத்தும் தெரியும், பொன் வேலையும் தெரியும். ஆனால் கேன்சல் செய்வதற்குக் கோடு போதும். இன்றைக்கும் செக்கில் அந்த வார்த்தையைவிட முதலில் கண்ணில் படுவது கோடுதானே.

2016 நவம்பர் 8 ராத்திரியை யாரும் மறந்திருக்க முடியாது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டி.வி.யில் ஒரு குரல் சொன்னது. மறுநாள் காலையில் அஞ்சறைப் பெட்டியில் பாட்டிகள் சேர்த்து வைத்திருந்த நோட்டு வெறும் காகிதம். ரிசர்வ் வங்கி அதையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி அழுத்திக் கட்டி ஆக்கியது. நோட்டில் முகத்தைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். கருக்காகுறிச்சிக் காசில் முகத்தைக் கழித்தால் மிச்சம் கிட்டத்தட்ட ஒரு பவுன். வெட்டச் சொன்ன கை அந்த நாளில் ஒருவனையும் ஏழையாக்கவில்லை. வியாபாரிக்கு அந்தக் ‘கொஞ்சம்’ மட்டும் போயிருக்கும். பணமதிப்பு நீக்கம் என்று ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் இது உத்தமமான முறை! ஆனால் இன்றைக்கு அது நடக்காது. இன்று புழங்கும் பணத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, முழுக்க முழுக்க வாக்கு.

வாக்கை மட்டுமே நம்பி நடக்கும் பணத்துக்கு அந்த வட்டாரமே உதாரணம் வைத்திருக்கிறது. மேலே சொன்ன மொய் விருந்துதான் அது. ஒரு நோட்டுப் புத்தகம், அதில் பெயர், ஊர், தொகை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, அடகு கிடையாது. ஐந்து வருஷம் கழித்து அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதையும் திருப்பி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தும் செய்தாக வேண்டும். லட்சக்கணக்கில் புரளும் பணம், எண்ணுவதற்கு மெஷின் வைக்கும் அளவுக்கு. அத்தனையும் ஒரு பெயரின் மேல் நிற்கிறது. கருக்காகுறிச்சி மண்ணில் ஒரு பக்கம் பெயரையே வெட்டிவிட்டுத் தங்கத்தை மட்டும் வைத்துக்கொண்ட புதையல், இன்னொரு பக்கம் தங்கமே இல்லாமல் பெயரை மட்டும் வைத்து நடக்கும் விருந்து. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதுபோல் தெரியும். இல்லை. மொய் நோட்டில் இருப்பது தெரிந்தவன் பெயர். பக்கத்து ஊர்க்காரன், வீடு தெரியும், மாமனார் வீடும் தெரியும். காசில் இருந்தது, கடலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத ஒருத்தன் முகம். வாக்குத் தவறினால் யாரிடம் போய்க் கேட்பது? அது வெறும் பயமும் இல்லை. கி.பி. 64-ல் நீரோ தங்கக் காசின் எடையைக் குறைத்தான், வெள்ளிக் காசில் கலப்படம் செய்தான். முகம் அதே முகம், எழுத்து அதே எழுத்து. உள்ளே மட்டும் குறைந்துவிட்டது. அந்தக் காலத்துத் தராசுக்காரர்கள் முகத்தை நம்பாததற்கு ரோமே காரணம் கொடுத்திருக்கிறது.

புதுக்கோட்டைக்கும் காசில் போடும் முகத்துக்கும் ஏதோ ஒத்துவராது போலிருக்கிறது. சமஸ்தானம் தனக்கென்று அடித்துக்கொண்ட அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தளவு செம்பு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. தொண்டைமான் ராஜாவின் தலை எந்தப் பக்கமும் கிடையாது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த காசு அது. பின்னாளில் அதை இங்கிலாந்தில் பர்மிங்காமில் அச்சடித்து வரவழைத்தார்கள். அப்போதும் அம்மன்தான். 1898-ல் கருக்காகுறிச்சியில் குழி தோண்டியவர்களின் மடியில் ஒரு பக்கம் அம்மன் காசு இருந்திருக்கும், இன்னொரு பக்கம் விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இருந்திருக்கும். ‘விஜய’ என்றாலும் வெற்றி, விக்டோரியா என்றாலும் வெற்றி. ரோமர்கள் தங்கள் காசில் இறக்கையோடு நிற்க வைத்த தேவதைக்கும் பெயர் விக்டோரியாதான். பிரிட்டனை ஜெயித்துவிட்டேன் என்று கிளாடியஸ் ஒரு தங்கக் காசில் வளைவு கட்டிப் பெருமையடித்திருக்கிறான். அதே பிரிட்டன் பதினெட்டு நூற்றாண்டு கழித்து தன் ராணியின் தலையைக் காசில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சீமையில், கிளாடியஸ் தலை வெட்டோடு மண்ணிலிருந்து வெளியே வந்தான். லண்டனில் உட்கார்ந்து அதைப் பரிசோதித்த ஹில்லுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சிரிப்பாவது வந்திருக்க வேண்டும்.

அந்தக் காசுகள் லண்டனிலிருந்து திரும்பி வர வேண்டும் என்று கேட்பது தனி வழக்கு, அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை காசு செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. புதுக்கோட்டையில் இந்தப் புதையலைப் பற்றி எந்தப் பலகையில், எந்தப் பாடப் புத்தகத்தில், எந்த இணையப் பக்கத்தில் எழுதினாலும், ‘சிதைக்கப்பட்டவை’ என்ற இடத்தில் ‘செல்லாது என்று இங்கே வெட்டுக் குறி இடப்பட்டவை’ என்று எழுதலாம். முன்பக்கம் இன்ன சக்கரவர்த்தி, பின்பக்கம் இன்ன தெய்வம் என்று எழுதுகிறார்கள் அல்லவா? அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி: தலை மேல் இருப்பது தமிழ்நாட்டு உளி.

மீதி சொச்சம் காசுகளில் வெட்டு இல்லை. அவை கடைசியாக வந்து சேர்ந்த காசுகளாக இருக்கலாம். உளி வைத்திருந்த பத்தர் அவற்றை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருப்பார்.